வெனிஸ் கரையிலிருந்து மெகலோடன் பல் தேடி

ஃபுளோரிடாவின் வெனிஸ் கடற்கரையில் படகு எடுக்காமல் கரையிலிருந்தே இறங்கிச் சுறாப்பல் தேட முடியுமா, அனுமதி ஏதும் வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓபன் வாட்டர் எனும் அடிப்படை ஸ்கூபா டைவிங் சான்றிதழ் இருக்கிறதாம், இதுவரை பன்னிரண்டு டைவ்.

தாராளமாக முடியும். ஆனால் எப்போதோ அழிந்துபோன ராட்சதச் சுறாவான மெகலோடனின் உள்ளங்கை அகலப் பற்கள் பெரும்பாலும் படகில் போகிறவர்களுக்குத்தான் கிடைக்கின்றன. கரையிலிருந்து போனால் சின்னச் சின்னப் பற்கள் நிறைய வரும், பெரியது அமைந்தால் அதிர்ஷ்டம்.

முதலில் பல்லைத் தேடாதீர்கள், சரளையைத் தேடுங்கள். வெறும் மணல் மேல் எவ்வளவு நேரம் நீந்தினாலும் பயனில்லை, கருஞ்சரளை படிந்த பள்ளம் கண்ணில் பட்டதும் அங்கேயே நின்றுவிடுங்கள். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக இருந்துகொண்டு உள்ளங்கையால் மெல்ல விசிறினால் கலங்கல் உங்களைத் தாண்டிப் பின்னால் போய்விடும், முன்னால் தெளிவாகத் தெரியும். பல்லின் வேர்ப்பகுதி மங்கலாகக் கல் மாதிரியே இருக்கும், எனாமல் பகுதி மட்டும் டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று மின்னும். அந்த மினுமினுப்புக்குக் கண் பழகிவிட்டால் அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். வாழைப்பழம் போல வளைந்து, கையில் எடுத்தால் கனக்கிற துண்டு கிடைத்தால் அது கடற்பசு விலா எலும்பாக இருக்கலாம்.

அனுமதி விஷயம் இங்கேதான் வருகிறது. மாநிலத்துக்குச் சொந்தமான கடலடியில் சுறாப்பல் எடுக்க அனுமதி தேவையில்லை. அந்த விலா எலும்பு, குதிரைப்பல், யானையினப் பல் போன்ற மற்ற முதுகெலும்பிகளின் எச்சங்களை எடுக்க வேண்டுமென்றால், கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கிவிட்டே இறங்குங்கள். மனிதர் செய்த அம்புமுனை, பானை ஓடு எதையும் தொடவே வேண்டாம்.

சிவப்பில் வெள்ளைக் குறுக்குக்கோடு போட்ட டைவர் கொடியை மிதவையில் கட்டி இழுத்துப் போவது சட்டப்படி கட்டாயம், குறைந்தது 12 அங்குலத்துக்கு 12 அங்குலம். திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள்ளேயே இருக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நான் சொல்வது கயிற்றைக் கையை விட்டே விடாதீர்கள் என்பது. வார இறுதியில் அங்கே படகுகள் அதிகம்.

எனக்கு உண்மையில் கவலை உங்கள் கண்ணைப் பற்றித்தான். முழு நேரமும் தரையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், ஆழம் குறைவு என்பதால் காற்றும் நீண்ட நேரம் வரும், அந்தத் தைரியத்தில் மீதிக் காற்றைக் காட்டும் கேஜையும் திசைகாட்டியையும் மறந்துபோவது ரொம்ப சுலபம். ஒவ்வொரு பல்லைப் பையில் போடும்போதும் கேஜைப் பாருங்கள், இதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கரை கிழக்கே. பாதிக் காற்று தீருவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள், ஏனென்றால் திரும்பும்போது பை கனத்திருக்கும், ஓட்டமும் எதிரே இருக்கலாம். பையை உடம்போடு கட்டாமல் கையில் பிடியுங்கள், தேவைப்பட்டால் உடனே விட்டுவிடலாம்.

இறங்கும்போதும் ஏறும்போதும் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடங்கள், திருக்கை இருந்தால் விலகிப்போகும். பலத்த காற்றடித்து ஓய்ந்த மறுநாள் போகாதீர்கள், தண்ணீர் கலங்கியிருக்கும், நீட்டிய கையே தெரியாது. கூட ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.