ஸ்மித் என்பது சாதிப்பெயரா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஸ்மித் என்றால் கொல்லர், டெய்லர் என்றால் தையல்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் வெள்ளைக்காரர்களும் பெயருக்குப் பின்னால் சாதியைத்தானே போட்டுக்கொள்கிறார்கள்? நாம் மட்டும் ஏன் அதை உதறினோம்? ஜெர்மானியர் பெயர்களும் இப்படித்தானா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

இந்தக் கேள்வியைச் சாதிப்பெயருக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். நீங்கள் தெரிந்துகொள்ளக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

இடைக்கால இங்கிலாந்தின் கிராமத்தில் ஏறக்குறைய எல்லாரும் உழவர்கள். ஜான், வில்லியம் என்று ஒரே பெயர் பலருக்கு. எந்த ஜான் என்று கேட்டால் 'உழவன் ஜான்' என்பது பதிலாகாது. 'பட்டறை ஜான்' என்றால் உடனே விளங்கும். ஊருக்கு ஓரிருவராக இருந்த கொல்லரின் பெயர் இன்று இங்கிலாந்தில் முதலிடத்தில் இருப்பது இதனால்தான். ஜெர்மனியில் முதலிடம் முல்லருக்கு. நாம் அறிந்த மாக்ஸ் முல்லரின் பெயர்தான். மாவு ஆலைக்காரர் என்று பொருள். அடுத்தது ஷ்மிட், அதாவது கொல்லர். அதற்கடுத்து ஷ்னைடர், தையல்காரர். மருந்துக் கம்பெனியால் நமக்குத் தெரிந்த பேயர் என்ற பெயருக்கு பவேரியாக்காரர் என்று பொருள். பவேரியாவை விட்டு வேறு ஊருக்குக் குடிபோனவருக்குத்தான் அது ஒட்டும். அக்கம்பக்கத்தார் வைத்த அடையாளம், அவ்வளவே.

தொடக்கத்தில் இந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்குப் போகவில்லை. கொல்லரின் மகன் ரொட்டி சுட்டால் அவன் பேக்கர். வரிக்கணக்கும் சொத்துப் பத்திரமும் எழுத எழுதத்தான் பெயர் பரம்பரையாக உறைந்தது. உறைந்த பிறகு தொழில் கழன்றுகொண்டது. தாட்சர் என்றால் கூரை வேய்பவர். பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு அது கணவர் வழி வந்த பெயர். அவருடைய அப்பா மளிகைக் கடைக்காரர், பெயரோ ராபர்ட்ஸ், அதாவது ராபர்ட்டின் பிள்ளை.

நம் ஊருக்கு வந்தவர்களையே பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் பெயரைப் பிரித்தால் வெள்ளாடு, தோல் என்ற இரண்டு சொற்கள் வரும். ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்க அந்தப் பெயர் அவருக்குத் தடையாகவில்லை. 1779இல் வேப்பேரியில் தமிழ் அகராதி வெளியிட்ட ஃபப்ரீசியுஸின் பெயர், படித்த குடும்பங்கள் ஷ்மிட்டை லத்தீனாக்கி வைத்துக்கொண்ட வகை. அவரும் பெயரளவில் கொல்லர்தான்.

அதற்காக அங்கே பிறப்பால் இழிவே இருந்ததில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தூக்குப்போடுபவரின் மகனையும் செத்த மாட்டை உரிப்பவரின் மகனையும் ஜெர்மனியின் கைவினைச் சங்கங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பல ஊர்களில் நெசவாளர், ஆலைக்காரர் பிள்ளைகளுக்கும் கதவு சாத்தப்பட்டது. 1731இல் பேரரசின் சட்டம் வந்து பெரும்பாலோரைச் சேர்க்கச் சொன்னது. அப்போதும் தோலுரிப்பவர்களுக்கு முழு விடுதலை இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சங்கத்துக்குள் விடாமல் தடுக்கப்பட்ட அதே ஆலைக்காரரின் பெயரைத்தான் இன்று ஜெர்மனியில் மிகுதியானோர் சுமக்கிறார்கள். முல்லர் வீட்டில் பெண் எடுக்கலாமா என்று யாரும் விசாரிப்பதில்லை. இப்படிப்பட்ட தொழில்பெயரைக் கேட்டு அங்கே எதையும் கணிக்க முடியாது. நம்மூரில் 'உங்க அப்பா பேரு என்ன, சொந்த ஊரு எது' என்று சுற்றி வளைத்துக் கேட்பது கணிப்பதற்காகவே.

பெயரிலிருந்து பிறப்பைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று ஜெர்மனியில் ஓர் அரசு நினைத்ததும் உண்டு. மேயர், க்ளைன், ஷ்வார்ட்ஸ் என்று யூதர்களின் குடும்பப்பெயர்கள் பல மற்ற ஜெர்மானியர்களுடையதைப் போலவே இருந்தன. குடும்பப்பெயர் காட்டிக்கொடுக்கவில்லை. ஆகவே 1938 ஆகஸ்டில் நாஜி அரசு ஆணை போட்டது: அரசின் பட்டியலில் உள்ள யூத முதற்பெயர் இல்லாத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் சாதிப்பெயரோடு ஒப்பிட வேண்டுமானால் ஸ்மித்தை விட்டுவிடுங்கள், இந்த ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.