மூவரா, ஒருவரா?

கேள்வி: நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், கணவர் கத்தோலிக்கர். அடுத்த ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் வாங்க வகுப்புக்குப் போகிறேன். பிதா, சுதன், தூய ஆவி என்றால் நம் மும்மூர்த்திகள் மாதிரிதானே என்கிறார் அம்மா. ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வருபவர்தான் அவரும். வகுப்பில் ஒருவர், தண்ணீரே பனிக்கட்டியாகவும் நீராவியாகவும் மாறுகிறதே, அதுபோலத்தான் என்றார். இரண்டுமே எனக்கு மனசில் ஒட்டவில்லை அக்கா.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஒட்டாமல் போனதே நல்லது தங்கச்சி. இரண்டையும் திருச்சபை ஏற்பதில்லை.

தண்ணீர்க் கதை புதிதல்ல. ஒரே கடவுள்தான் வேளைக்கு ஒரு வேடம் போட்டு வருகிறார் என்று மூன்றாம் நூற்றாண்டில் ரோமில் சபேலியுஸ் சொன்னார். திருச்சபை அதை மறுத்தது. ஜார்ஜ்டவுனில் நான் மறைக்கல்வி எடுத்தபோது, பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் எழுந்து கேட்டான்: “டீச்சர், கெத்சமனித் தோட்டத்தில இயேசு யார்கிட்ட அழுதாரு?” சிலுவைச் சாவுக்கு முந்தின இரவு அங்கே இயேசு தந்தையிடம் மன்றாடினார். அவருக்கு அவரே அழுதுகொண்டார் என்றால் அந்த இரவுக்கே அர்த்தம் இல்லை. மத்தேயு 3-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பாருங்கள். சுதன் யோர்தான் ஆற்றிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப் போல இறங்குகிறார், தந்தையின் குரல் வானத்திலிருந்து கேட்கிறது. மூவரும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். பிரமன் படைக்க, திருமால் காக்க, உருத்திரன் அழிக்க என்று மும்மூர்த்திகளுக்குத் தொழில் பிரித்துச் சொல்வார்கள். சிவபெருமான் அந்த மூவருக்கும் அப்பாற்பட்டவர் என்று சைவ சித்தாந்தமே சொல்லும், அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். மூவராய் இருக்கும் ஒரே கடவுளிடம், அதாவது மூவொரு கடவுளிடம், இந்தத் தொழில் பங்கீடு கிடையாது. தந்தை வார்த்தையானவர், அதாவது சுதன், வழியாகவே எல்லாவற்றையும் படைத்தார் என்கிறார் நற்செய்தியாளர் யோவான். பைபிளின் முதல் நூலான தொடக்கநூலின் இரண்டாம் வசனத்திலேயே ஆவி நீர்த்திரளின் மேல் அசைவாடுகிறது. ஆள் மூவர். ஆனால் கடவுள் தன்மை ஒன்று, சித்தம் ஒன்று, செயலும் ஒன்று.

இதற்காக ஏன் அவ்வளவு சண்டை போட்டார்கள் என்று கேட்பீர்கள். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, சுதனும் படைக்கப்பட்டவரே, அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது என்று போதித்தார். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அது சரியென்றால் சிலுவையில் தொங்கியது கடவுள் அல்ல. தாம் தூரத்தில் இருந்துகொண்டு வேறொருவரைச் சாக அனுப்பிய கடவுள்தான் மிச்சம். அப்படிப்பட்ட கடவுளிடம் என்னால் ஜெபிக்க முடியாது. அதனால்தான் 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், சுதன் உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர் என்று அறுதியிட்டார்கள். தூய ஆவியாரைப் பற்றிய வரிகள் 381-இல் ஆயர்கள் மறுபடி கூடிய கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு சேர்ந்தவை. ஞாயிறு பூசையில் நாம் சொல்லும் விசுவாச அறிக்கை இதுதான்.

எனக்கு இதில் உயிரான இடம் வேறொன்று. கடவுள் அன்பாய் இருக்கிறார் என்கிறது யோவானின் முதல் திருமுகம். உலகமே இல்லாதபோது அவர் யாரை அன்பு செய்தார்? உலகம் தோன்றுமுன்னே நீர் என்மீது அன்புகொண்டிருந்தீர் என்று இயேசு தந்தையிடம் சொல்கிறார் (யோவான் 17:24). அன்பு காட்ட ஆள் வேண்டுமென்று அவர் நம்மைப் படைக்கவில்லை. அவருக்குள் ஏற்கெனவே நிறைந்திருந்த அன்பில் நமக்கும் பங்கு கொடுக்கவே படைத்தார்.

ஒன்றும் மூன்றும் எப்படிச் சரிவரும் என்று கணக்குப் போட்டுக் களைத்துவிடாதீர்கள். முழுதும் பிடிபட்டு விட்டதாக, இதைப் பற்றித் தனி நூலே எழுதிய புனித அகுஸ்தினாரே சொல்லவில்லை. வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது, ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் “பிதாவுக்கும் சுதனுக்கும் தூய ஆவியாருக்கும்” என்று வரும் இடத்தில் அவசரப்படாமல் சொல்லுங்கள். யோவான் 14 முதல் 17 வரை நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசியுங்கள். சந்தேகம் வரும் வசனத்தைக் கோடிட்டு வைத்து, அடுத்த வகுப்பில் ஃபாதரிடமே கேளுங்கள்.