மேசையை நகர்த்தியது யார்?

வணக்கம் சார்,

என் அண்ணனுக்கும் எனக்கும் கொஞ்ச நாளாக ஒரே வாக்குவாதம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தண்ணீருக்கு நினைவாற்றல் இருக்கிறது, பிரார்த்தனை செய்த தண்ணீர் உடம்பைச் சரிசெய்துவிடும் என்று யாரோ பேசியதைக் கேட்டு, தினமும் அப்படியே குடித்துவருகிறார். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஆதாரம் கேட்டால், "நேச்சர் என்ற அறிவியல் இதழிலேயே வந்திருக்கிறது" என்கிறார். பிரார்த்தனை பலிக்கிறதா என்று அமெரிக்காவில் ஆராய்ச்சியே நடந்திருக்கிறதாம். விடாமல் கேட்டால், "கலிலியோவைக்கூடத்தான் அன்றைக்கு யாரும் நம்பவில்லை" என்பார். அதற்கும் மேலே போனால், "என் நம்பிக்கையைப் புண்படுத்தாதே" என்று எழுந்து போய்விடுவார்.

இன்னொரு பக்கம் என் நாத்திக நண்பர்கள். "ஒன்று உன் அண்ணன் ஏமாற்றுகிறார், இல்லையென்றால் ஏமாறுகிறார். மதம் இருக்கிறவரை இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று சிரிக்கிறார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம் உண்டு. அந்தச் சிரிப்பில் சேர முடியவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுவதும் ஒரு மதம்தானோ என்றுகூடத் தோன்றுகிறது. அண்ணனிடம் நான் எப்படிப் பேசுவது?

எஸ்.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள எஸ்.,

முதலில் மாத்திரை. தண்ணீரைப் பற்றிய வாக்குவாதத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கட்டும். மாத்திரையையும் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் போடட்டும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லிவிடும். அதைப் பார்த்தபின் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாமே என்று சொல்லிப் பாருங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்து, அந்தப் பெருமை தண்ணீருக்குப் போனால் போகட்டும். கண்ணும் சிறுநீரகமும் பிழைத்தால் போதும்.

சரி, இனி மற்றதைப் பேசலாம்.

நேச்சரில் வந்தது என்று அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. ழாக் பென்வனிஸ்த் என்ற பிரெஞ்சு நோயெதிர்ப்பியல் ஆய்வாளரும் அவர் குழுவினரும் எழுதிய கட்டுரை 1988 ஜூன் மாதம் அதில் வெளியானது. ஒரு நோயெதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) தண்ணீரில் கரைத்து, ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லாத அளவுக்கு நீர்த்துக்கொண்டே போனாலும், அந்தத் தண்ணீர் ரத்த வெள்ளையணுக்களைப் பாதிக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆசிரியர் ஜான் மேடக்ஸ் தன் சந்தேகத்தையும் சேர்த்தே அதை அச்சிட்டார், நாங்கள் நேரில் வந்து பார்ப்போம் என்ற நிபந்தனையோடு. ஜூலையில் மேடக்ஸ், வால்டர் ஸ்டூவர்ட் என்ற விஞ்ஞானி, ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் நிபுணர் மூவரும் அந்த ஆய்வகத்துக்குப் போனார்கள். மேஜிக் நிபுணர் எதற்கு என்றால், கண் எப்படி ஏமாறும் என்று தெரிந்த ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது என்பதற்காக. (விஞ்ஞானிகளை ஏமாற்றுவது சுலபம். இயற்கை அவர்களிடம் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லையே, அந்தப் பழக்கம் அவர்களுக்கு இல்லை.)

எந்தக் குழாயில் நீர்த்த நோயெதிர்ப்பொருள், எந்தக் குழாயில் வெறும் தண்ணீர் என்ற குறிப்பை உறையில் போட்டு மூடி, ஆய்வகத்தின் உட்கூரையில் ஒட்டிவைத்தார்கள். வெள்ளையணுக்களை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு எது எதுவென்று தெரியாது. உறையைப் பிரித்துப் பார்த்தபோது அந்த விளைவு காணாமல் போயிருந்தது. இதுவும் அதே நேச்சரில், அதே ஜூலையில் வந்தது. அண்ணன் ஜூன் இதழைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள் திருடர்களா? இல்லை. போனவர்களே அப்படிச் சொல்லவில்லை, தங்களைத் தாங்களே நம்பவைத்துக்கொண்டார்கள் என்றுதான் எழுதினார்கள். இந்த இடத்தில்தான் உங்கள் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏமாற்றுக்காரன், ஏமாளி என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு மனிதர்களை அடைக்கிறார்கள். பெரும்பாலான வினோத நம்பிக்கைகள் இந்த இரண்டிலும் அடங்காது. எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1853இல் இங்கிலாந்தில் மேசை நகர்த்துவது ஒரு மோகமாகப் பரவியது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து அதன்மேல் லேசாகக் கைகளை வைப்பார்கள். சற்று நேரத்தில் மேசை நகரும், சுழலும். ஆவி என்றார்கள் சிலர், மின்சாரம் என்றார்கள் சிலர், சாத்தானின் வேலை என்று சொன்ன பாதிரியார்களும் உண்டு. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயிடம் கேட்டுக் கேட்டு நச்சரித்ததில், அவர் ஒரு சோதனை செய்தார்.

அவர் செய்த முதல் காரியம்தான் முக்கியம். மேசை நகர்த்துவதில் கைதேர்ந்தவர்களாகவும், நேர்மையானவர்கள் என்று தனக்கு நன்றாகத் தெரிந்தவர்களாகவும் பார்த்து அழைத்தார். மோசடி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிட்டார். அடுத்து, சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே இளகிய பசை உருண்டைகளை வைத்து, மேசைமேல் வைத்தார். கை இருப்பது மேல் அட்டையில். ஆவியோ மின்சாரமோ மேசையை இழுத்தால் அடி அட்டை முன்னே போகும், கை பின்னால் இழுபடும். கை தள்ளினால் மேல் அட்டை முந்தும். மேசை நகர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மேல் அட்டைதான் முந்தியிருந்தது.

அதோடு விட்டிருந்தால் நம்பியவர்கள் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார்கள். கை லேசாக நகர்ந்தாலும் சாய்ந்து காட்டுகிற ஒரு முள்ளைப் பொருத்தி, அதை உட்கார்ந்திருப்பவர்களே பார்க்கும்படி வைத்தார். முள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த வரைக்கும் மேசை அசையவில்லை. முள்ளை மறைத்ததும் அசைந்தது. தாங்கள் நேர்கீழாக அழுத்துவதாகவே அவர்கள் மனதார நம்பினார்கள். கை பக்கவாட்டில் தள்ளியது அவர்களுக்கே தெரியாது.

ஆவி உண்டா இல்லையா என்று ஃபாரடே ஒரு வார்த்தை விவாதித்தாரா, பாருங்கள். முதலில் அசைவது கையா, மேசையா? அவர் கேட்டது அது ஒன்றுதான். இதே ஃபாரடே சாண்டமேனியன் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, ஆழ்ந்த பக்தி உள்ளவர். தன் சபையில் மூப்பராக இருந்து பிரசங்கமும் செய்தவர். சந்தேகப்படுவதற்கு நாத்திகம் முன்நிபந்தனை என்று நினைக்கிற உங்கள் நண்பர்களுக்கு அவரை அறிமுகப்படுத்துங்கள்.

அதனால், தண்ணீர் குடித்ததும் தெம்பாக இருக்கிறது என்று அண்ணன் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குவளைகளை வைத்து, எது பிரார்த்தனை செய்தது என்று அவருக்கும் எடுத்துக் கொடுப்பவருக்கும் தெரியாமல் வைத்தால் அப்போதும் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்கலாம். அவருக்கே ஆர்வம் வந்தால் மட்டும். வம்புக்குச் செய்யாதீர்கள்.

கலிலியோ வாதத்தை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. யாரும் நம்பவில்லை என்பதே தவறு. வியாழனின் துணைக்கோள்களைத் தொலைநோக்கியில் கண்டதாக அவர் 1610இல் அறிவித்தார். மறு ஆண்டே ரோமாபுரியில் இருந்த ஏசு சபை வானியலாளர்கள், திருச்சபையின் சொந்த ஆட்கள், தாங்களும் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்கள். வழக்கும் தண்டனையும் 1633இல், வேறு விஷயத்துக்கு, பூமி சுற்றுகிறது என்று வாதிட்டதற்கு. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் சொன்ன வெகெனரைப் பலரும் ஏளனம் செய்தது நிஜம்தான். ஆனால் எந்த விசை நகர்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. 1960களில் கடலடிப் பாறைகளின் காந்தப் பதிவுகள் கிடைத்தபின்தான் உலகம் மாறியது. 1903இல் 'என்-கதிர்' என்று புதுக் கதிர் ஒன்றைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன பிரெஞ்சு இயற்பியலாளர் பிளோண்ட்லோவின் கதை வேறு மாதிரி. அடுத்த ஆண்டு ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அவர் ஆய்வகத்துக்குப் போய், இருட்டில், கதிரைப் பிரித்துக் காட்டவேண்டிய பட்டகத்தைக் கருவியிலிருந்து சத்தமில்லாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறமும் கதிர் அதே இடத்தில் தெரிகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிளோண்ட்லோவைப் பார்த்தும்தான் சிரித்தார்கள்.

பிரார்த்தனை ஆராய்ச்சி. அண்ணன் எதைச் சொல்கிறாரோ தெரியாது. இருப்பவற்றில் பெரியவற்றுள் ஒன்று 2006இல் வெளியானது, ஹெர்பர்ட் பென்சன் என்ற அமெரிக்க மருத்துவர் தலைமையில் நடந்தது. பெரும்பகுதிப் பணம் தந்தது டெம்பிள்டன் அறக்கட்டளை, மதத்துக்குப் பகையான அமைப்பு இல்லை. இதய பைபாஸ் சிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். தங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்ட இரண்டு குழுக்களில், நடந்த குழுவில் 52 சதவீதத்தினருக்கும் நடக்காத குழுவில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. நிச்சயமாகப் பிரார்த்திக்கிறார்கள் என்று தெரிந்திருந்த மூன்றாவது குழுவில் 59 சதவீதம். பதற்றமோ தற்செயலோ, யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

இதைக் காட்டினால் ஒரு பக்தர் என்ன சொல்வார்? "கடவுள் சோதனைச்சாலைக்குக் கட்டுப்பட்டவர் இல்லை" என்பார். எனக்கு அது நியாயமான பதிலாகவே படுகிறது. ஆனால் அப்படிச் சொல்பவர், நாளைக்குச் சாதகமான முடிவு ஒன்று வந்தால் அதையும் ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. உங்கள் அண்ணன் செய்கிற தவறு இதுதான். நேச்சர் என்று தொடங்குவது அவர். அங்கே தோற்றதும் நம்பிக்கை என்று கதவைச் சாத்திக்கொள்வதும் அவர். பிரார்த்தனை மனதுக்கு ஆறுதல் என்று அவர் சொன்னால் யாரும் அளவுகோலோடு வரப்போவதில்லை, நானும் வரமாட்டேன். சர்க்கரையைக் குறைக்கும் என்று சொன்ன நிமிடத்தில் அது ரத்தப் பரிசோதனைக்குள் வந்துவிடுகிறது. அதில் புண்பட எதுவும் இல்லை.

இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஒரு பாதிரியார். ஜார்ஜ் லமேத்ர், பெல்ஜியத்துக்காரர். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதியவர், ஆதியில் எல்லாம் ஒரு சிறு புள்ளியிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று பிறகு முன்வைத்தவர். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கருத்தைப் படைப்புக்கு அறிவியல் தரும் சாட்சிபோல் காட்டிப் பேசினார். வேறொருவராக இருந்தால் பூரித்துப் போயிருப்பார். லமேத்ருக்கோ சங்கடமாகிவிட்டது. தன் கோட்பாடு மதக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே இருப்பது என்பதே அவர் நிலைப்பாடு. இப்படிப் பேசுவதைத் தவிர்க்கச் சொல்லி வத்திக்கானிடம் எடுத்துச் சொன்னார், போப்பும் அதன்பின் அந்தத் தொனியில் தொடரவில்லை. ஏன் சங்கடம்? கோட்பாடு நாளை தவறாகப் போகலாம், அதன்மேல் கடவுளை உட்காரவைத்தால் அவரும் சேர்ந்து விழவேண்டியதுதான்.

சந்தேகமும் ஒரு மதம்தானோ என்று கேட்டீர்கள். ஆகலாம், சிலருக்கு ஆகியும் இருக்கிறது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் என்று ஒன்று இருப்பதே ஃப்ரெட் ஹாயிலுக்குப் பிடிக்கவில்லை. அதில் மத வாடை அடிக்கிறது என்பது அவர் எரிச்சலில் ஒரு பங்கு. நட்சத்திரங்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்று விளக்கிய மேதை அவர், நாத்திகர். 1965இல், அப்படியொரு தொடக்கத்தின் மிச்சமான பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்டதும் துறையில் பெரும்பாலோர் மாறிவிட்டார்கள். அவர் 2001இல் இறக்கும்வரை மாறவில்லை. இடையில், ஃப்ளூ கிருமிகள் விண்வெளியிலிருந்து விழுகின்றன என்றும் வாதிட்டார்.

உங்கள் நண்பர்கள் அடுத்த முறை சிரிக்கும்போது லமேத்ரையும் ஹாயிலையும் பெயரைச் சொல்லாமல் விவரித்து, இருவரில் யார் பாதிரியார் என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.