காலைல மட்டும் நீலப் புகை, பழைய அம்பாசடருக்கு இன்ஜின் இறக்கணுமா?

அவசரப்பட்டு இறக்கிடாதீங்க. 1489 சிசி பெட்ரோல் வண்டி, ராத்திரி நின்னு காலைல ஸ்டார்ட் பண்ணதும் குப்புனு நீலமா புகை வந்து ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது, மெக்கானிக் ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கற வளையம்) போச்சுங்கறார், அதானே கேக்கறீங்க? நீலம்னா ஆயில் எரியுது, சரி, ஆனா எந்த வழியா உள்ள போகுதுன்னு பாக்கணும். வண்டி நிக்கும்போது ஹெட்ல (சிலிண்டருக்கு மேல மூடியிருக்கற பாகம்) தங்கின ஆயில் தேஞ்ச வால்வ் கைடு (வால்வ் ஏறி இறங்குற சின்னக் குழாய்), காஞ்சு இறுகிப்போன சீல் வழியா சொட்டு சொட்டா சிலிண்டர்ல இறங்கும், ஸ்டார்ட் பண்ணதும் அதுதான் எரியுது. ரிங் போயிருந்தா இப்படி நிக்காதுங்க, மேடு ஏறும்போது விடாம அடிக்கும், ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா குபுகுபுன்னு புகை தள்ளும்.

இன்ஜின் சூடா இருக்கும்போது நாலு பிளக்கையும் கழட்டி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள சேர்ற அழுத்தம்) பாக்கச் சொல்லுங்க, குறைவா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாத்து ரீடிங் நல்லா ஏறினா ரிங், ஏறலேன்னா வால்வ் பக்கம். நாலும் சமமா நல்லா இருந்தா ரிங் மேல பழி போடவே வேண்டாம், ஹெட்டை மட்டும் கழட்டி கைடும் சீலும் மாத்தினா போதும். புகை கருப்பா வந்தா கோளாறு சோக், கார்புரேட்டர்ல. வெள்ளையா விடாம வந்து ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா மட்டும் வண்டியை ஓட்டாதீங்க, ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில வைக்கற அடைப்புத் தகடு) போனதா இருக்கும்.