மாமல்லபுரம், காஞ்சிபுரம் ஒரு நாள் சுற்றுலா: கைட் தேவையா, காசுக்குப் பெறுமதியா?

கேள்வி இதுதான்: "கொழும்பிலிருந்து வயதான பெற்றோருடன் சென்னைக்குப் போகிறோம். ஒரு முழு நாள் கையில் இருக்கிறது. கைடுடன் கூடிய மாமல்லபுரம், காஞ்சிபுரம் ஒரு நாள் சுற்றுலா காசுக்குப் பெறுமதியா?"

பெறுமதிதான். ஆனால் யார் ஒழுங்கு செய்கிறார்கள், எந்த இடத்துக்கு முதலில் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எனக்கு முன்னால் பதில் எழுதியவர் ஒருவர் கைட் வைப்பது வீண் செலவு, யூடியூப்பில் ரெண்டு வீடியோ பார்த்துவிட்டுப் போனால் போதும் என்கிறார். அதை வாசித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீங்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆட்களாக இருப்பீர்கள், ஒரு கலியாணத்துக்கோ வைத்தியத்துக்கோ சென்னைக்குப் போய் இடையில் ஒரு நாளை மிச்சம் பிடித்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. மச்சாளின் கலியாணத்துக்குச் சாறி எடுக்கப் போன பயணம் அது. அப்பா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைப் பார்க்க வேண்டும். அவர் வரலாறு படிப்பித்த வாத்தியார். பல்லவரைப் பற்றி எத்தனையோ வருடம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டவர், ஒரு பல்லவர் கோயிலைக்கூட நேரில் கண்டதில்லை.

தங்கியிருந்த இடத்திலேயே ஒரு சுற்றுலாக்காரரைப் பிடித்துக் கொடுத்தார்கள். வான், கைட், நுழைவுச்சீட்டு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன வான் எட்டரைக்கு வந்தது. முதலில் மாமல்லபுரம். கைட் என்று வந்த பையன் ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு நிமிடம் ஒப்புவித்துவிட்டு, "சீக்கிரம் போட்டோ எடுத்துக்கோங்க" என்று நிற்பான். காஞ்சிபுரத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஒன்றரை. கோயில்கள் எல்லாம் பூட்டியிருந்தன. காஞ்சியில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் பின்னேரம் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அது அந்த வழியால் தினமும் வான் ஓட்டுகிறவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதுவரைக்கும் எங்களைக் கொண்டுபோய் ஒரு பட்டுக் கடையில் இறக்கிவிட்டார்கள். இந்த மாதிரிச் சுற்றுலாவில் கடையில் நிற்கிற நேரம் தற்செயலாக வருவதில்லை, அதை வைத்துத்தான் நாளையே திட்டமிடுகிறார்கள். கோயில் திறந்ததும் ஏகாம்பரநாதரை அவசரமாகச் சுற்றிக் காட்டினார்கள். கைலாசநாதர்? "அது கொஞ்சம் தள்ளி சார், டிராபிக் ஆயிடும்" என்று வானைச் சென்னைக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பட்டுக் கடையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்பா குந்தியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

நுழைவுச்சீட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வெளிநாட்டவர் கட்டணம் என்று ஆளுக்கு 600 ரூபாய் கணக்குப் போட்டிருந்தார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கீழ் உள்ள இடங்களில் இலங்கையும் சேர்ந்திருக்கிற சார்க், பிம்ஸ்டெக் என்ற அயல்நாட்டுக் கூட்டமைப்புகளின் நாட்டுக்காரருக்கு இந்தியர்களின் கட்டணம்தான். மாமல்லபுரத்தில் நான் பிறகு போனபோது அது 40 ரூபாய். இலங்கைக் கடவுச்சீட்டைக் கவுன்ரரில் காட்டினால் போதும். அதே சீட்டில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் பார்க்கலாம். ஆகவே கடவுச்சீட்டை ஹோட்டல் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். "எங்களைப் பார்த்தால் உள்ளூர் ஆட்கள் மாதிரித்தானே, பேசாமல் சீட்டு எடுக்கலாமே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். எதற்கு? உரிமையாகக் கிடைக்கிற ஒன்றை ஏன் ஒளித்து எடுக்க வேண்டும்?

அடுத்த முறை சென்னைக்குப் போனபோது யாரிடமும் பொதியாக வாங்கவில்லை. நாள் வாடகைக்கு ஒரு கார் மட்டும் பேசினோம். எந்தக் கடையிலும் நிறுத்தக்கூடாது என்று காரில் ஏற முன்னமே சொல்லிவிட்டோம். விடிய ஐந்தரைக்குக் கிளம்பி நேராகக் காஞ்சிபுரம். சென்னையிலிருந்து 75 கிலோமீற்றர் அளவில் வரும், அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். கைலாசநாதர் கோயிலில் எங்களைத் தவிர ஒரு குருக்களும் ரெண்டு மூன்று பேரும்தான். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டிய மணற்கல் கோயில் அது. சுற்று மதிலின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னச் சன்னதிகள், சிலவற்றில் பழைய சாந்துப் பூச்சும் வர்ணமும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அங்கே எங்களுக்குக் கைட் தேவைப்படவில்லை, அப்பாவே போதும். மண்டபத்துத் தூண் ஒன்றில் இருக்கிற கன்னடக் கல்வெட்டைத் தேடிப் பிடித்தார். சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது வெட்டுவித்தது. பல்லவருக்குப் பரம்பரை எதிரி அவன். வென்ற பிறகு இந்தக் கோயிலைக் கொள்ளையடிக்காமல், அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதை எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வகுப்பில் சொன்ன விஷயத்தை அந்தத் தூணுக்கு முன்னால் நின்று எங்களுக்குச் சொன்னபோது அப்பாவுக்குக் குரல் தழுதழுத்தது. அவர் அப்படிப் பேசி நான் கண்டதில்லை.

பிறகு மாமல்லபுரம். காஞ்சியிலிருந்து இன்னொரு 65 கிலோமீற்றர். அங்கே தொல்லியல் துறை இடங்கள் மத்தியானத்தில் பூட்டுவதில்லை, பின்னேரம் ஆறு மணி வரைக்கும் பார்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே காலையில் காஞ்சி, பிறகு மாமல்லபுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் பட்டுக் கடைதான்.

ஐந்து இரதங்களின் வாசலில் கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெரியவர் நின்றார், அறுபதைத் தாண்டியிருக்கும். நாங்கள் கதைப்பதைக் கேட்டுவிட்டு, "கேரளாவா சார்?" என்றார். சென்னையில் எல்லாரும் கேட்கிற கேள்விதான். சொல்லியே ஆகவேண்டும், தமிழில் கதைக்கிறவர்களைப் பார்த்துத் தமிழ்நாட்டில் இப்படிக் கேட்கும்போது மனம் நோகத்தான் செய்கிறது. ஓட்டோக்காரர் கேட்பார், கடைக்காரர் கேட்பார். கொழும்பு என்றதும் அடுத்த நிமிடமே சண்டையைப் பற்றி விசாரிப்பார்கள். இருபது ரூபாய்க்குத் தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில் நம்முடைய சாவு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். பரிவோடுதான் கேட்கிறார்கள் என்று தெரியும், அதனால் கோபிக்கவும் முடியாது.

ஆனால் இந்தப் பெரியவர் கொழும்பு என்று கேட்டதும் வேறு ஒன்றைத் தொடங்கினார். "அப்போ உங்களுக்கு மானவர்மன் கதையிலிருந்து ஆரம்பிக்கணும்" என்றார். அப்பா சடாரென்று நிமிர்ந்து பார்த்தார்.

சூளவம்சம் என்ற இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலில் வருகிற கதை. 7ஆம் நூற்றாண்டில் அரசுரிமையை இழந்து கடல் கடந்து ஓடிவந்த இலங்கை இளவரசன் மானவர்மன், காஞ்சியில் முதலாம் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்து, சாளுக்கியருக்கு எதிரான போரில் அவனோடு நின்றான். அந்த நன்றிக்கு நரசிம்மவர்மன் படை கொடுத்து அனுப்பினான். முதல் முறை கைகூடவில்லை. ரெண்டாம் முறை அனுராதபுரத்து ஆட்சி அவன் கைக்கு வந்தது. ரெண்டு பேரும் யானைமேல் போகும்போது ஒரே இளநீரைப் பகிர்ந்து குடித்த கதையும் அதிலேயே வருகிறது. மானவர்மன் குடித்த மிச்சத்தை அரசன் திருப்பி வாங்கித் தானே குடித்தானாம். "மாமல்லன்னு பேர் எடுத்த அந்த ராஜா பேர்லதான் இந்த ஊரே இருக்கு. பல்லவர் காலத்துல இது துறைமுகம். உங்க ஊர்க்காரர் வந்து நின்ன ராஜ்யம் சார் இது" என்றார்.

எந்த வீடியோ இப்படித் தொடங்கும்? வீடியோ எல்லாருக்கும் ஒரே கதையைத்தான் சொல்லும். இவர் எங்களை எந்த ஊர் என்று கேட்டு, எங்களுக்கு எது வேண்டும் என்று யோசித்து, அதிலிருந்து ஆரம்பித்தார். நல்ல கைடுக்கும் ஒப்புவிக்கிற ஆளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அப்பாவும் அவரும் இடைக்கிடை வருடங்களைப் பற்றி வாதாடினார்கள். அந்த மனிதர் கோபிக்கவே இல்லை, அவருக்கும் அது பிடித்திருந்தது.

ஐந்து இரதங்களில் அவர் காட்டிய ஒன்றை நான் முந்தின முறை கவனித்திருக்கவில்லை. தர்மராஜ இரதத்தின் மேல்பகுதியில் சிற்பங்கள் நுணுக்கமாக முடிந்திருக்கின்றன, கீழ்த்தளம் குறையாக நிற்கிறது. பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பாண்டவர் பெயர்கள் எல்லாம் பிறகு ஆட்கள் வைத்தவை, கட்டியவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். அதைப் பார்த்துவிட்டு மகிஷாசுரமர்த்தினி குகைக்குக் குன்று ஏற வேண்டாம் என்று அவரே சொல்லி, தெருவிலிருந்தே பார்க்கக்கூடிய அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டிப்போனார். பாறையின் நடுவில் இருக்கிற வெடிப்பையே கங்கை இறங்குகிற வழியாக்கி அதில் நாகர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே ஒற்றைக் காலில் தவம் செய்கிற பூனையும் அதன் காலடியில் எலிகளும். அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கிற காட்சிதான் பிடித்தது. மாடு கன்றை நக்குகிறதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

கடைசியாகக் கடற்கரைக் கோயில். 2004 சுனாமியில் கடல் உள்வாங்கியபோது அதுவரை தண்ணீருக்குள் கிடந்த கற்கள் வெளியே தெரிந்ததை ஊர் ஆட்கள் கண்டிருக்கிறார்கள். பிறகு அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்றின் அடித்தளம் கிடைத்தது. அதைச் சொல்லிவிட்டு, "உங்க பக்கம் ரொம்பப் பேர் போயிட்டாங்க இல்லையா அன்னைக்கு" என்று மட்டும் கேட்டார். அம்மாவின் சொந்தக்காரர் சிலர் மட்டக்களப்பில் அன்று போனவர்கள். அம்மா அவரோடு கொஞ்ச நேரம் அதைப் பற்றிக் கதைத்தார்.

இதற்கெல்லாம் அவர் கேட்ட காசு, அந்தச் சுற்றுலாக்காரர் எங்களிடம் கைடுக்கென்று எடுத்த தொகையைவிடக் குறைவு. நான் யாருக்கும் விளம்பரம் செய்யவில்லை, அதனால்தான் பெயரும் போடவில்லை. எல்லாக் கைடும் இப்படி இருப்பார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், தொகையையும் நேரத்தையும் முதலிலேயே பேசுங்கள், ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல நின்றால் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சென்னைக்குப் போய்ச் சோழர் காலத்து வெண்கலச் சிலைகளைப் பார்த்து வியக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறார்கள்? கறுவாத்தோட்டத்தில், வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஓட்டோத் தூரத்தில் இருக்கிறது. பொலன்னறுவைச் சிவன் கோயிலில் கிடைத்த நடராசர் அங்கேதான் இருக்கிறார். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியிலும் எழுதி 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த காலிக் கல்வெட்டும் அங்கேதான். என் மகளின் பள்ளிக்கூடச் சுற்றுலா பொலன்னறுவைக்குப் போனது. கல் விகாரை காட்டினார்கள், பராக்கிரமபாகு சமுத்திரம் காட்டினார்கள், நல்ல விஷயம். சோழர் கல்லால் கட்டி வானவன்மாதேவி ஈஸ்வரம் என்று பெயர் வைத்த கோயில், அங்கே நிற்கிற மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று, அதைக் காட்டவில்லை. கூட்டிப்போனவர்கள் தமிழ் வாத்தியார்கள். அப்பா இதைக் கேட்டு ரெண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நாளில் ரெண்டு ஊரும் பெற்றோருக்கு அதிகம் என்று நினைத்தால் காஞ்சியை விட்டுவிட்டு மாமல்லபுரத்தை மட்டும் ஆறுதலாகப் பாருங்கள், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையால் 60 கிலோமீற்றருக்குள்தான்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகளின் ஏப்ரல் விடுமுறை என்றால் மத்தியான வெயிலில் பெற்றோரைப் பாறைகளுக்கிடையில் நடத்தாதீர்கள், பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரைக்கும் எங்காவது அறை எடுத்துப் படுக்கவிடுங்கள். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அங்கே மழைக்காலம். ஜனவரி, பெப்ரவரி கிடைத்தால் அதையே எடுங்கள்.