அஜைல் முறையால் உண்மையில் பலன் உண்டா, வெறும் மீட்டிங்தானா?

பலன் உண்டு. மென்பொருளைச் சிறு சிறு பகுதியாகச் செய்து, காட்டி, திருத்திக்கொண்டே போவதுதான் அஜைல். ஆனால் செய்ததை அவ்வப்போது பயன்படுத்தப் போகிறவர் கையில் கொடுத்துப் பார்த்தால்தான். இரண்டு இடங்களில் வேலை பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது.

இப்போது புதுச்சேரியில் ஐந்து பேர் கொண்ட குழுவில் இருக்கிறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் கமிஷன் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு ஏலக் கணக்குச் செயலி செய்தோம். கெடு எங்கள் கையில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது செயலி ஓடியாக வேண்டும். தடைக்காலத்தில் பைபர் படகுகள் மட்டும் போய்வரும், ஏலமும் கொஞ்சமாக நடக்கும். பழகிப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

இரண்டு வாரம் ஆனதும் விடியற்காலையில் பைக்கில் போய், கணக்குப்பிள்ளை கையில் போனைக் கொடுத்தேன். மீன் பெயர், எத்தனை கிலோ, கிலோ விலை என மூன்று கட்டங்கள். கொஞ்ச நேரம் பார்த்தவர், "தம்பி, ஏலம் விடறப்ப யார் எடை போடுறாங்க? இங்க கூடைக்குத்தான் விலை" என்றார். ஈர விரல் பட்டதும் திரை வேறெங்கோ தாவியது. முதலாளி எங்களிடம் கிலோ என்றுதான் சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் சரிதான், வெளியூருக்கு அவர் போடும் பில் கிலோவில் இருக்கும். ஆனால் ஏலத்தில் நிற்பவர் கணக்குப்பிள்ளை.

இரண்டே நாளில் மாற்றிவிட்டோம், பட்டன்களையும் பெரிதாக்கினோம். ஜூனில் தெரிந்திருந்தால் மொத்தத்தையும் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். ஐஸ், டீசல் முன்பணக் கணக்கை ஆகஸ்டுக்குத் தள்ளினோம். அதனால்தான் கெடு தப்பவில்லை.

இதற்கு முன் நான் இருந்த நிறுவனத்திலும் அஜைல்தான். ஸ்டாண்டப் எனும் தினசரிக் கூட்டம் நாற்பது நிமிடம், மேனேஜர் ஒவ்வொருவராகக் கேட்பார். ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று கணித்துப் போடும் எண்ணான ஸ்டோரி பாயிண்டை வைத்து ஆளுக்கு ஆள் ஒப்பிட்டதால் 3 போட வேண்டிய வேலைக்கு எல்லோரும் 8 போட்டோம். ஒன்றரை வருடத்தில் ஒரு பயனரின் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. "மீட்டிங்தான்" என்று கோபப்படுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையில் ஸ்டாண்டப்பும் இல்லை, ஸ்டோரி பாயிண்டும் இல்லை. இயங்கும் மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்று இருக்கிறது. தினசரிக் கூட்டத்துக்கு, அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரமின் வழிகாட்டி கொடுப்பதே 15 நிமிடம், அதுவும் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் திட்டமிட்டுக்கொள்ள.

எல்லாவற்றையும் முதலிலேயே திட்டமிட்டு, கட்டம் கட்டமாகச் செய்து, சோதனையைக் கடைசியில் வைக்கும் வாட்டர்ஃபால் முறையையும் ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். அந்த முறைக்கு மூலமாகக் காட்டப்படும் 1970 கட்டுரையில் அதை எழுதிய வின்ஸ்டன் ராய்ஸே, சோதனையைக் கடைசிக்கு விடுவது ஆபத்து என்று எழுதியிருக்கிறார். ஆனால் சம்பளப் பட்டியலில் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போன்ற வேலைக்கு விதி அச்சில் இருக்கிறது. அதை முழுக்கப் படித்துத் திட்டமிட்டு எழுதுவதுதான் சுருக்கமான வழி.

கணக்குப்பிள்ளையிடம் நாங்களும் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஆகஸ்டில் ஐஸ் கணக்கைத் தொடங்கியபோது, ஒரு வரி கோடிங் எழுதும் முன் இரண்டு நாள் காலை அந்த ஏலத்தில் போய் நின்றேன்.