நிட்மிலுக் தேசியப் பூங்கா: நம் கரையோரத்தவர் கேட்டவையும் பதில்களும்

ஆஸ்திரேலியாவின் வடக்கே டார்வின் நகரில் பிள்ளைகள் வேலை பார்ப்பதால் அங்கே போய்வரும் இராமநாதபுரக் கரையோரக் குடும்பங்கள் சில, நிட்மிலுக் தேசியப் பூங்காவைப் பற்றிக் கேட்டிருந்தன. அப்பகுதியில் வசித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில்தான் கிடைக்கிறது. அப்போது போகலாமா?

மே மாதக் கடைசி என்றால் தாராளமாகப் போகலாம். ஏப்ரலை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். அந்த மாதங்களில் பூங்காவின் ஊடே செல்லும் கேத்ரின் ஆறு கரைபுரண்டு ஓடும். 1998 ஜனவரியில் அந்த வெள்ளம் பக்கத்திலுள்ள கேத்ரின் நகரையே மூழ்கடித்தது. மே முதல் செப்டம்பர் வரை வறண்ட காலம். அதன் தொடக்கத்தில் சென்றால் அருவிகளில் நீர் நிறைய இருக்கும், ஆனால் துடுப்புப் படகுகளை அப்போது திறந்துவிட்டிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகஸ்டுக்குப் பிறகு படகுக்குத் தடையிராது, அருவிதான் மெலிந்திருக்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஜூன், ஜூலை மாதங்களே சரி. அக்டோபரில் மழைக்கு முந்திய புழுக்கம் கத்திரி வெயிலுக்குப் பழகிய நம்மையே வாட்டிவிடும்.

தொண்டியிலிருந்து: எங்கள் பையன்கள் கடலில் நீந்திப் பழகியவர்கள். அங்கே ஆற்றில் இறங்கலாமா?

நீச்சல் தெரிந்தவன் என்ற தைரியம் அங்கே உதவாது. அந்நாட்டின் வடபகுதி ஆறுகளில் இரண்டு வகை முதலைகள் உண்டு. ஒல்லியான மூக்குடைய நன்னீர் முதலை, சீண்டாத வரையில் பெரும்பாலும் ஒதுங்கியே போகும். ஆயினும் அது முட்டையிடும் மணல்திட்டுகளில் கால் வைக்கக் கூடாது. உவர்நீர் முதலையோ ஆளையே கொல்லக்கூடியது. மழைக்கால வெள்ளத்தோடு அது ஆற்றின் மேற்பகுதி வரை ஏறிவிடும் என்பதால், வெள்ளம் வடிந்ததும் வனக்காவலர்கள் தேடிப் பார்த்து, பொறிக்கூண்டு வைத்துப் பிடித்து அகற்றுகிறார்கள். அந்த வேலை முடிந்த பிறகே நீந்தவும் துடுப்புப் படகு ஓட்டவும் அனுமதி கிடைக்கும். ஆகவே அன்றைய தேதியில் அங்கே வைத்திருக்கும் அறிவிப்புப் பலகை என்ன சொல்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். போன வருடம் போய்வந்த உறவினர் சொன்னதை நம்ப வேண்டாம்.

இராமநாதபுரத்திலிருந்து: டார்வினிலிருந்து எவ்வளவு தூரம்?

கேத்ரின் நகரம் தெற்கே ஏறத்தாழ 320 கிலோமீட்டர்; அங்கிருந்து பூங்காவின் முதன்மை நுழைவுப் பகுதி வடகிழக்கே 30 கிலோமீட்டர். முழுவதும் தார்ச்சாலைதான். இருட்டிய பிறகு கங்காருக்களும் மாடுகளும் குறுக்கே வரும் என்பதால் பகலிலேயே ஓட்டிவிடுங்கள்.

மண்டபத்திலிருந்து: என் தாயாருக்கு மூட்டுவலி. அவரையும் அழைத்துச் செல்ல முடியுமா, ஐயா?

முடியும். மணற்பாறையை அறுத்துக்கொண்டு கேத்ரின் ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கு, பாறைத்தடுப்புகளால் 13 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. நீர் குறைந்த காலத்தில் ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக, படகை விட்டிறங்கிப் பாறைமேல் நடந்து வேறு படகில் ஏற வேண்டும். அந்த நடைதான் அவருக்குச் சிரமம். முதல் துண்டோடு திரும்பிவிடும் படகுச் சவாரி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதே பூங்காவிலுள்ள எடித் அருவி என்ற லெலின் பகுதிக்கு, கேத்ரினுக்கு வடக்கே 40 கிலோமீட்டர் சென்று கிளைச்சாலையில் 20 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே கீழ்க்குளம் வண்டி நிறுத்துமிடத்திற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், முதியவர்களோடு போகிறவர்களுக்குப் பள்ளத்தாக்கைவிட இதுவே நிறைவான இடம்.

பாம்பனிலிருந்து: நடைப்பயணம் போக விரும்பும் இளைஞர்களுக்கு?

ஜட்புலா பாதை 62 கிலோமீட்டர், பொதுவாக ஐந்தாறு நாள் நடை. பள்ளத்தாக்கில் தொடங்கி லெலினில் முடியும். எதிர்த்திசையில் நடக்க அனுமதியில்லை. வழியெல்லாம் அருவிகளின் அருகே கூடாரம் அடிக்கலாம். நாளொன்றுக்குச் சிலரையே விடுவதால், பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாதவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது.

ஏர்வாடியிலிருந்து: அந்த நிலம் பழங்குடியினருடையது என்கிறார்களே?

ஆம், ஜாவோயின் மக்களுடையது. 1989இல் நிலவுரிமை அவர்களிடம் திரும்பி வந்தது. அவர்களும் அரசும் சேர்ந்தே பூங்காவை நிர்வகிக்கிறார்கள். பாறை ஓவியங்களைத் தொடக் கூடாது. வழிகாட்டி ஓரிடத்தில் படமெடுக்க வேண்டாம் என்றால் காரணம் கேட்டு வாதாட வேண்டியதில்லை.

தேவிபட்டினத்திலிருந்து: மகனுக்குக் கருவாடும் ஊறுகாயும் கொண்டு போகலாமா? அங்கே ஆற்றில் மீன் பிடிக்கலாமா?

எந்த உணவுப் பொருளானாலும் விமானத்தில் தரும் அட்டையில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் பெருந்தொகை அபராதம். மீனைப் பொறுத்தவரை, நம் கடற்கரைக் கழிமுகங்களில் படும் கொடுவாதான் அந்த ஆற்றிலும் பேர்போனது. ஆனால் வீச்சுவலையை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள், பூங்காவுக்குள் வலைக்கு இடமில்லை. தூண்டில் விதிகளை நுழைவிடத்தில் கேட்டுக்கொண்ட பிறகே ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள்.